தத்துப்பிள்ளையும் சர்க்கார் கணக்கும்
தாமிரபரணிக் கரையிலிருந்து ஒரு வரலாற்றுக் குறிப்பு

1

பிள்ளையைத் தத்தெடுக்கும் குடும்பத்துக்கு அரசு வரியில் சலுகை தர வேண்டுமா என்ற கேள்வி அமெரிக்காவிலிருந்து வருகிறது. அங்கே 1996இல் சட்டம் போட்டு 1997இலிருந்து இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். தத்தெடுப்பதற்கு ஆன வக்கீல் செலவு, நீதிமன்றச் செலவு, ஏஜென்சிக் கட்டணம், பயணச் செலவு இவற்றைக் காட்டினால் ஒரு பிள்ளைக்கு 5,000 டாலர் வரை கட்ட வேண்டிய வரியிலேயே குறைத்துக்கொள்ளலாம். எளிதில் இடம் கிடைக்காத உள்நாட்டுப் பிள்ளை என்றால் 6,000 டாலர். 2001ஆம் ஆண்டுச் சட்டம் இதை 10,000 டாலராக உயர்த்தியது. 2025க்கு உச்சவரம்பு 17,280 டாலர்.

இங்கே ஒரு வித்தியாசத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். நம் வருமான வரிக்காரர்கள் 'கழிவு' என்று சொல்வது வருமானத்திலிருந்து கழிப்பது. கழித்தது போக மீதிக்கு வரி. அமெரிக்கர்கள் 'கிரெடிட்' என்பது வரியிலிருந்தே கழிப்பது. 10,000 டாலர் கிரெடிட் உள்ளவருக்கு 10,000 டாலர் வரி இருந்தால் அந்த வருஷம் அவர் ஒன்றும் கட்ட வேண்டாம். 2025க்கு முன்பு, 4,000 டாலர்தான் வரி என்றால் அந்த 4,000 மட்டும்தான் மிச்சமாயிற்று. பாக்கி 6,000ஐ அடுத்த ஐந்து வருஷங்களுக்கு எடுத்துச் செல்ல விட்டார்கள், கையில் தரவில்லை. வரியே கட்டாத ஏழைக்கு இதனால் ஒரு டாலரும் கிடைக்காமல் இருந்தது. 2010, 2011 ஆகிய இரண்டு வருஷங்களில் மட்டும் முழுத் தொகையையும் கையில் கொடுத்தார்கள், பிறகு நிறுத்தினார்கள். 2025ஆம் ஆண்டுச் சட்டம் 5,000 டாலர் வரை கையில் தர ஒப்புக்கொண்டிருக்கிறது.

'நம்ம ஊரிலும் இப்படி ஒண்ணு வந்தா என்ன?' என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இந்தக் கேள்விக்குள் ஒரு அனுமானம் ஒளிந்திருக்கிறது: இதுவரை நம் அரசுகள் தத்துப்பிள்ளை விஷயத்தில் வரிக்கணக்கு ஏதும் பார்க்காமல் சும்மா இருந்தன, இனிமேல்தான் பார்க்க வேண்டும் என்பது. உண்மை அப்படி இல்லை. தத்துப்பிள்ளையின் தொட்டிலுக்குப் பக்கத்தில் சர்க்கார் இருநூறு வருஷமாகக் கணக்குப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறது. யார் பிள்ளை, யார் பிள்ளை இல்லை என்பதை அந்தப் புத்தகம் தீர்மானித்து வந்திருக்கிறது. இக்கட்டுரை அந்தப் புத்தகத்தைத் தெற்கத்திச் சீமையிலிருந்து புரட்டிப் பார்க்கும் முயற்சி.

2

1801இல் நவாபுடன் செய்த உடன்படிக்கையில் கர்நாடகத்தின் ஆட்சி கம்பெனியின் கைக்குப் போனது. திருநெல்வேலிச் சீமையும் அதில் அடக்கம். பாளையங்கள் சமீன்களாயின. வாரிசு இருக்கும்வரை சமீன், வாரிசு அற்றால் சர்க்காருக்கு என்பது ஏற்பாடு. வாரிசு யார் என்று முடிவு செய்வது வெறும் குடும்ப விஷயமாக இல்லாமல் வருவாய் விஷயமாக மாறியது இந்த இடத்தில்தான்.

டல்ஹவுசியின் நாடிழப்புக் கொள்கையைப் பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே படித்திருக்கிறோம். 1848இல் சதாரா, பின் ஜான்சி, நாகபுரி. 1855இல் தஞ்சாவூர் மன்னர் சிவாஜி ஆண் வாரிசு இன்றி இறந்தபின் அந்த அரசும் முடிந்தது. ஆனால் நாடிழப்புக் கொள்கை சிற்றரசர்களுக்கு. சமீன்களுக்குச் சர்க்கார் கையாண்டது வேறு வழி: நீதிமன்றத்துக்குப் போய் 'இந்தத் தத்து செல்லாது' என்று வாதாடுவது. தத்து செல்லாவிட்டால் வாரிசு இல்லை. வாரிசு இல்லாவிட்டால் சொத்து சர்க்காருக்கு.

இதற்கு ஆகப்பெரிய உதாரணம் நமக்கு அடுத்த வீட்டில் இருக்கிறது. இராமநாதபுரம் சமீன் அன்று மதுரை மாவட்டத்தில் இருந்தது (மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து வெட்டியெடுத்து இராமநாதபுரம் மாவட்டத்தை உண்டாக்கியது 1910இல்தான்). கணவன் இறந்த பிறகு ராணி பர்வதவர்த்தினி நாச்சியார் ஒரு பிள்ளையைத் தத்தெடுத்தார். அவர்தான் முத்துராமலிங்க சேதுபதி, பின்னாளில் விவேகானந்தரை ஆதரித்த பாஸ்கர சேதுபதியின் தகப்பனார். கணவன் உயிரோடு இருக்கையில் அனுமதி தரவில்லை, ஆகவே விதவை எடுத்த தத்து செல்லாது என்பது சர்க்கார் பக்கத்து வாதம். வழக்கை லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் கொண்டுபோனவர் மதுரை கலெக்டர்.

1868இல் தீர்ப்பு வந்தது. கலெக்டர் தோற்றார். வங்காளத்தில் கணவனின் அனுமதி கட்டாயம். மிதிலையில் விதவை தத்தெடுக்கவே முடியாது. மராட்டியத்தில் அனுமதி வேண்டாம். திராவிட தேசத்தில் கணவனின் பங்காளிகள் சம்மதித்தால் போதும் என்று நீதிபதிகள் வகுத்தார்கள். ஏட்டில் இருப்பதைவிட நிரூபிக்கப்பட்ட வழக்கம் வலியது என்ற கொள்கையும் இந்தத் தீர்ப்பிலிருந்துதான் பிரபலமானது.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, இந்தத் தீர்ப்பைச் சொன்னவர்களின் சொந்த நாட்டில் அன்று தத்தெடுப்பு என்ற சட்ட ஏற்பாடே கிடையாது. இங்கிலாந்தில் தத்தெடுப்புச் சட்டம் வந்தது 1926இல். தங்களிடம் இல்லாத ஒரு உறவுக்கு அவர்கள் நமக்கு இலக்கணம் எழுதினார்கள். இரண்டாவது, விதவையின் தத்துரிமை கேள்விக்கு உள்ளானதற்குக் காரணம் சாஸ்திரப் பற்று அல்ல. சமீன் வருமானம். சாஸ்திரம் வருவாய்த் துறையின் ஆயுதமாக இருந்தது. 'இந்துச் சட்டம்' என்று இன்று நாம் கும்பிடுவதிலோ திட்டுவதிலோ ஒரு பெரும்பகுதி, கலெக்டர்களும் வாரிசுகளும் சண்டை போட்ட இடங்களில் உருவான கட்டமைப்பு.

நீதிமன்றம் போக வேண்டாத இன்னொரு வழியும் இருந்தது. சமீன் கோர்ட் ஆப் வார்ட்ஸ் நிர்வாகத்துக்குப் போய்விட்டால், அதன் சம்மதம் இல்லாமல் சமீன்தார் தத்தெடுக்க முடியாது. 1902ஆம் ஆண்டுச் சென்னைச் சட்டம் இதை எழுதியே வைத்திருந்தது. சமீன்தார் வீட்டுத் தொட்டிலில் யார் படுப்பது என்று சொல்ல வருவாய் போர்டுக்கு அதிகாரம் இருந்த காலம் அது.

3

சமீன் ஆற்றங்கரையிலிருந்து தள்ளி, பெரும்பாலும் மேட்டுக்காட்டிலும் கரிசலிலும். தாமிரபரணியின் நன்செய்க் கரை வேறு உலகம். இங்கே ரயத்துவாரி, பிராமண, வெள்ளாள மிராசுதார்கள், கோயில்கள், மடங்கள். தத்து என்பது இங்கே வயலும் வரப்பும் கைமாறும் ஒரு முறை.

சாஸ்திரப்படி அக்காள் தங்கை பிள்ளையையோ மகள் வயிற்றுப் பேரனையோ தத்தெடுக்கக் கூடாது என்று ஒரு விதி உண்டு. தெற்கே அதை யாரும் மதித்ததாகத் தெரியவில்லை. மாமன் மகளைக் கட்டும் ஊரில் மருமகன் முறைப் பையனை மகனாக்கிக்கொள்ளத் தயங்குவானேன்? சென்னை உயர்நீதிமன்றத்தின் முழு அமர்வு 1880களில் இந்த வழக்கத்தைப் பிராமணர்களுக்கும் ஒப்புக்கொண்டது. சொத்து வெளியே போகாமல் சுற்றத்துக்குள்ளேயே சுழல்வதற்கு வழக்கம் வழி செய்தது. வழக்கத்துக்குக் கோர்ட் முத்திரை குத்தியது.

முத்திரை என்பதை இங்கே நேர்ப்பொருளிலும் எடுத்துக்கொள்ளலாம். 1899ஆம் ஆண்டு இந்திய முத்திரைச் சட்டத்தின் அட்டவணையில் தத்துப் பத்திரத்துக்கு என்று தனி இனம் உண்டு. தீர்வை பத்து ரூபாய். தத்து எடுத்ததைப் பதிவு செய்யும் பத்திரம் மட்டும் அல்ல, தத்தெடுத்துக்கொள் என்று கணவன் மனைவிக்கு அதிகாரம் தரும் பத்திரமும் அதில் அடக்கம். அந்த அதிகாரப் பத்திரத்தைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்று 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் சொல்கிறது. உயிலில் எழுதினால் மட்டும் விலக்கு. பத்து ரூபாய் அன்று சின்னத் தொகை அல்ல. கூலிக்காரன் அந்தப் பத்திரத்தை எழுதப்போவதும் இல்லை.

கூலிக்காரர் வீட்டில் என்ன நடந்தது? அங்கேயும் பிள்ளைகள் கைமாறின. பெற்றவள் செத்துப்போனால் சித்தி வளர்த்தாள், பஞ்சத்தில் மாமன் வீட்டுக்கு வந்த பிள்ளை அங்கேயே தங்கிவிட்டது. பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில் அடுத்த பிள்ளையை அடுத்த வீட்டுக்காரிக்குத் தவிட்டுக்கு விற்று வாங்கினார்கள். பிச்சை, பிச்சையா, பிச்சம்மாள், தவிட்டுராஜ் என்ற பெயர்கள் அந்தக் கொடுக்கல் வாங்கலின் மிச்சம். சின்னப் பிள்ளையைச் சீண்ட 'ஒன்னையத் தவிட்டுக்குத்தான் வாங்குனோம்' என்று இன்றும் சொல்கிறார்கள். 'எடுத்து வளத்த பிள்ளை' என்பதுதான் இங்கே பேச்சுவழக்கு. சுவீகாரம் என்பது பத்திர எழுத்தர் பாஷை. இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவில் இருக்கும் தூரம்தான் நம் விஷயம். ஒன்று வளர்ப்பைச் சொல்கிறது, மற்றது வாரிசைச் சொல்கிறது. சர்க்கார் புத்தகத்தில் ஏறியது இரண்டாவது மட்டும்.

4

தத்து என்றால் ஆண்பிள்ளைதான். பிண்டம் போட மகன் வேண்டும் என்பதால் பெண்ணைத் தத்தெடுக்க இந்துச் சட்டத்தில் இடம் இல்லை, 1956 வரைக்கும். ஒரே ஒரு இடத்தில் பெண்பிள்ளைத் தத்துக்கு மதிப்பு இருந்தது. தேவதாசிகளின் வீடு.

கோயில் ஊழியத்துக்கு மானியமாக நிலம். மானியம் என்றால் சர்க்காருக்குத் தீர்வை கிடையாது, அல்லது குறைவு. ஊழியம் நடந்தால் நிலம் நிற்கும். ஊழியத்துக்கு ஆள் இல்லாவிட்டால் நிலம் போகும். ஆகவே மகள் வேண்டும், பெற்றாவது, எடுத்தாவது. தீர்வைச் சலுகை ஒரு பெண்பிள்ளைத் தத்தோடு இவ்வளவு நேராகப் பிணைந்திருந்த ஏற்பாடு நம் மண்ணில் வேறு எதுவும் இல்லை. தத்தெடுப்பவருக்கு வரிச்சலுகை என்பதன் பழைய வடிவம் இது என்றே சொல்லலாம். தாசிகள் மகளைத் தத்தெடுக்கும் வழக்கத்தைப் பம்பாய் உயர்நீதிமன்றம் மறுத்தது. சென்னை, விபசாரத்துக்காக அல்லாத பட்சத்தில் ஏற்றுக்கொண்டது.

இந்த வீடுகளிலிருந்து தப்பியதாகவும் மீட்டதாகவும் சொல்லப்பட்ட பெண்பிள்ளைகளைக் கொண்டு உருவானது டோனாவூர். பிரஷ்யாக்காரரான டோனா பிரபு கொடுத்த பணத்தில் அமைந்ததால் களக்காட்டுக்குத் தெற்கே உள்ள அந்தக் கிறிஸ்தவ ஊருக்கு அந்தப் பெயர். அயர்லாந்துக்காரரான ஏமி கார்மைக்கேல் 1901இலிருந்து அங்கே பிள்ளைகளைச் சேர்த்து வளர்த்தார். 1951இல் அங்கேயே இறந்தார். நூற்றுக்கணக்கான பிள்ளைகள் அவரை 'அம்மா' என்று கூப்பிட்டார்கள். சட்டப்படி அவர் ஒரு பிள்ளைக்கும் அம்மா அல்ல. கிறிஸ்தவருக்குத் தத்தெடுக்கும் உரிமை இல்லை. பிள்ளையைத் திருப்பிக் கேட்டு உறவினர் கோர்ட்டுக்குப் போனால் வளர்த்தவர் பக்கம் பலம் குறைவு.

ஏமி கார்மைக்கேலின் எழுத்தில் தாசி வீட்டுப் பெண்கள் கொடியவர்களாகவே வருகிறார்கள். அந்தப் பெண்களுக்கும் அது ஒரு அம்மா மகள் உறவுதான் என்று பார்க்க மிஷனரிக் கண்ணால் முடியவில்லை. அதற்காக, பத்து வயதுப் பிள்ளைக்குப் பொட்டுக் கட்டியதைக் கலாச்சாரம் என்று நாம் கொண்டாட வேண்டியதும் இல்லை. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. ஒரே மாவட்டத்தில் ஒரே காலத்தில், நிலமானியத்தோடு வந்த தத்துக்குச் சட்ட அங்கீகாரம் இருந்தது. நிலம் இல்லாத வளர்ப்புக்கு இல்லை. மானியங்களை ஊழியத்திலிருந்து பிரித்துவிட்டது 1929ஆம் ஆண்டுச் சென்னைச் சட்டம். பொட்டுக் கட்டுவதையே தடை செய்தது 1947ஆம் ஆண்டுச் சட்டம். அந்த ஏற்பாடு முடிந்தது. நிலமற்ற வளர்ப்புக்கு அங்கீகாரம் அப்போதும் வரவில்லை.

5

தத்தும் வரியும் முகத்துக்கு முகம் சந்தித்த ஒரு வழக்கு கொழும்பில் நடந்தது. அதைத் தமிழில் யாரும் அதிகம் பேசுவது இல்லை.

நாட்டுக்கோட்டை நகரத்தார் குடும்பம் ஒன்று. அருணாசலம் செட்டியார் என்பவரின் மகன் 1934இல் இறந்தார், 1938இல் தகப்பனாரும் இறந்தார். குடும்பத்தில் பாத்தியதை உள்ள ஆண் யாரும் மிச்சம் இல்லை, பெண்கள்தான். இலங்கை அரசு மரணவரி கேட்டது. இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்துக்கு அந்த நாட்டு மரணவரிச் சட்டத்தில் விலக்கு உண்டு. ஒற்றை ஆண் இறந்தபின் அது கூட்டுக் குடும்பமா? வழக்கு பிரிவி கவுன்சில் வரை போய், 1957இல் தீர்ந்தது. அந்த வீட்டு விதவைகள் தத்தெடுக்கக் கூடியவர்கள். தத்தெடுத்தால் புதிய பங்காளி வருவான். அந்தச் சாத்தியம் இருக்கும்வரை கூட்டுக் குடும்பம் அழிவதில்லை. ஆகவே அந்தச் சொத்துக்கு வரி விலக்கு உண்டு என்பது தீர்ப்பின் சாரம்.

நிதானமாக யோசித்துப் பார்க்க வேண்டிய தீர்ப்பு இது. தத்தெடுக்கக் கூடும் என்ற வாய்ப்புக்கே ஒரு வரிச்சலுகை. 1868இல் எதிர்ப்பட்ட அதே விதவைத் தத்து, இப்போது வரிக்கு எதிரான கேடயம். இரண்டு வழக்கிலும் பேச்சு சொத்தைப் பற்றித்தான். பிள்ளைக்குப் பால் வாங்க என்ன செலவு என்று யாரும் கேட்கவில்லை.

இந்தியாவிலும் இந்தத் தர்க்கம் தொடர்ந்தது. 1922ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் இந்துக் கூட்டுக் குடும்பத்தைத் தனி நபர்போலக் கணக்கில் வைத்தது. தனி வரம்பு, தனி விகிதம். கௌளி புத்தண்ணா வழக்கில் தகப்பன் இறந்தபின் குடும்பத்தில் மிஞ்சிய ஒரே ஆண் ஒரு தத்துப்பிள்ளை. தாயும் சகோதரிகளும் அவனுமாகச் சேர்ந்தது கூட்டுக் குடும்பமே என்று 1966இல் உச்சநீதிமன்றம் சொன்னது. வரிக் கண்ணில் தத்துப்பிள்ளை முழுப்பிள்ளை. நல்லதுதான். ஆனால் இந்தச் சலுகை இந்துக்களுக்கு, அதிலும் சொத்துள்ள இந்துக்களுக்கு.

6

1956இல் இந்து தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டம் வந்தது. பெண்பிள்ளையைத் தத்தெடுக்கலாம் என்று ஆனது. பிள்ளைக்காகப் பணம் வாங்குவதும் கொடுப்பதும் குற்றம் என்று ஆனது. 2010 திருத்தத்துக்குப் பின் கல்யாணமான பெண்ணும் கணவனின் சம்மதத்தோடு தன் பெயரிலேயே தத்தெடுக்கலாம். ஆனால் கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் பார்சிக்கும் கிடைத்தது 1890ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டம்தான். அதில் பிள்ளை பிள்ளை ஆகாது. பதினெட்டு வயது வரை ஒரு காப்பு, அவ்வளவே. எல்லா மதத்தாருக்கும் பொதுவான ஒரு தத்தெடுப்பு மசோதாவை 1972இல் நாடாளுமன்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். எதிர்ப்பு வந்து கைவிட்டார்கள். 1980இல் முஸ்லிம்களை விட்டுவிட்டு மறுபடி கொண்டுவந்தார்கள்; அதுவும் நிற்கவில்லை.

திருநெல்வேலி மாதிரி ஒரு ஊரில் இது ஏட்டுப் பிரச்சினை அல்ல. டவுனில் ஒரு இந்துத் தம்பதி, பாளையங்கோட்டையில் ஒரு கிறிஸ்தவத் தம்பதி, மேலப்பாளையத்தில் ஒரு முஸ்லிம் தம்பதி என்று வைத்துக்கொள்வோம். மூன்று பேரும் ஒரே மாதிரி ஒரு பிள்ளையை எடுத்து வளர்க்கிறார்கள். மூன்று பேருக்கும் 20 லட்ச ரூபாய் மதிப்பில் ஒரு வீடு. வயதான காலத்தில் பிள்ளை பேருக்குத் தானசெட்டில்மென்ட் எழுதிவைக்கப் பத்திர ஆபீசுக்குப் போகிறார்கள்.

குடும்பத்துக்குள் எழுதினால் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை நூற்றுக்கு ஒன்று, அதற்கும் ஓர் உச்சவரம்பு. வெளியாருக்கு என்றால் கிரயத்துக்கு உள்ள மாதிரி நூற்றுக்கு ஏழு. குடும்பம் என்றால் யார் யார் என்று முத்திரைச் சட்ட அட்டவணையில் ஒரு விளக்கம் சேர்த்திருக்கிறார்கள். தத்துப்பிள்ளையும் குடும்பத்தில் அடக்கம் என்று அது சொல்கிறது, ஒரு நிபந்தனையோடு: எவருடைய தனிச்சட்டம் தத்தெடுப்பை அனுமதிக்கிறதோ அவருக்கு. டவுன்காரருக்கு 20,000 ரூபாய். மற்ற இருவரும் காப்பாளர்களாக மட்டும் இருந்தால் 1,40,000 ரூபாய். ஒரு லட்சத்து இருபதாயிரம் வித்தியாசம், வளர்ப்பில் ஒரு வித்தியாசமும் இல்லாமல். 'தத்தெடுத்தால் வரிச்சலுகை' என்பது நம்மிடம் இல்லை என்று யார் சொன்னது? இருக்கிறது. பெயர் சொல்லாமல், பாதி ஊருக்கு மட்டும் இருக்கிறது.

வருமான வரியிலும் இதே கதை. 1961ஆம் ஆண்டுச் சட்டம் பிள்ளை என்பதில் தத்துப்பிள்ளையையும் மாற்றாந்தாய்ப் பிள்ளையையும் சேர்த்தது. காப்பில் வளரும் பிள்ளையைச் சேர்க்கவில்லை. உறவினர் கொடுத்தால் வரி இல்லை, மற்றவர் கொடுத்து வருஷத்தில் 50,000 ரூபாயைத் தாண்டினால் வாங்கியவருக்கு வரி என்ற அன்பளிப்பு விதியிலும் காப்பாளர் உறவினர் அல்ல. வளர்த்த அப்பா பணம் கொடுத்தால் அது அந்நியன் கொடுத்த பணம். தத்துப்பிள்ளைக்கே கிடைத்ததும் பெரிசாக ஒன்றும் இல்லை. 1990களில் நிர்ணயித்த பிள்ளைகள் படிப்புப் படிக்கான விலக்கு மாதம் 100 ரூபாய், இரண்டு பிள்ளைக்கு மட்டும். கால் நூற்றாண்டுக்கு மேல் அந்தத் தொகை அசையவில்லை. தத்தெடுக்க ஆகும் செலவுக்கென்று ஒரு கழிவும் அந்தச் சட்டத்தில் இருந்தது இல்லை.

இளைஞர் நீதிச் சட்டம் இந்தச் சுவரில் ஒரு கதவு திறந்தது. 2006 திருத்தமும் 2015ஆம் ஆண்டுச் சட்டமும் எந்த மதத்தாரும் தத்தெடுக்கலாம், எடுத்த பிள்ளை எல்லாவற்றுக்கும் சொந்தப் பிள்ளை என்றன. உறவுக்காரப் பிள்ளையையும் மத வேறுபாடின்றி எடுக்கலாம். விரும்பியவர் இந்தச் சட்டத்தைப் பயன்படுத்தலாம், யார்மீதும் திணிப்பு இல்லை என்று 2014இல் ஷப்னம் ஹாஷ்மி வழக்கில் உச்சநீதிமன்றம் சொன்னது. பாளையங்கோட்டைத் தம்பதிக்கு இது பெரிய விடுதலை. மேலப்பாளையத்துத் தம்பதிக்கு அப்படியே அல்ல. இஸ்லாத்தில் அநாதையை வளர்ப்பது பெரும் புண்ணியம். ஆனால் பிள்ளையின் வம்சத்தை மாற்றி எழுதக் கூடாது. அவர்கள் தத்தெடுக்காதது அன்புக் குறைவு அல்ல. வளர்ப்பையும் வம்சத்தையும் அவர்கள் வேறு வேறாக வைக்கிறார்கள். சர்க்கார் புத்தகத்துக்குத்தான் இரண்டையும் பிரிக்கத் தெரியவில்லை.

7

முக்கூடல், மேலப்பாளையம், ஆலங்குளம் பக்கம் மடியில் தட்டை வைத்து பீடி சுற்றும் பெண்களை நினைத்துக்கொண்டு கேட்போம்: அமெரிக்க பாணி கிரெடிட் இங்கே வந்தால் யாருக்குப் போகும்? செத்துப்போன தங்கச்சியின் பிள்ளையை வளர்க்கும் ஒரு பீடித் தொழிலாளிக்குத் தத்துப் பத்திரம் இல்லை, வருமான வரி இல்லை. 'பெத்தாத்தான் பிள்ளையா?' என்று அவள் கேட்பாள். கேள்வி சரி. ஆனால் கழிக்க அவளிடம் வரி இல்லை. அமெரிக்காவிலும் பேரப்பிள்ளையை வளர்க்கும் பாட்டிக்கு, முறைப்படி தத்தெடுக்காத வரை, இந்தக் கிரெடிட் கிடையாது.

இதே பெண்களுக்கு வேறு ஒரு வரி வேலை செய்திருக்கிறது என்பதை நம் விவாதங்கள் மறந்துவிடுகின்றன. 1976இல் பீடித் தொழிலாளர் நலநிதிச் சட்டமும் அதற்கான செஸ் சட்டமும் வந்தன. உற்பத்தியாகும் பீடியில் ஆயிரத்துக்கு இவ்வளவு என்று செஸ். அந்தப் பணத்திலிருந்து தொழிலாளர் பிள்ளைகளுக்குப் படிப்பு உதவித்தொகை, வீடு கட்ட உதவி, மருத்துவமனை. முக்கூடலில் உள்ள ஆஸ்பத்திரி அப்படி வந்தது. இங்கே வரி கட்டியவர் முதலாளி. பலன் பெற்றவர் வருமான வரியே கட்டாத வீட்டுப் பிள்ளை. கிரெடிட்டின் நேர் எதிர் ஏற்பாடு. இடுக்குகளும் லஞ்சமும் இல்லாமல் இல்லை, பாஸ்புக் இல்லாமல் சுற்றும் பெண்களுக்கு அது எட்டவும் இல்லை. ஆனாலும் தாமிரபரணிக் கரையில் ஒரு வரி நேராகப் பிள்ளையின் கைக்குப் போனதற்கு ஒரு சாட்சி அது. 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது அந்த செஸ் ஒழிந்தது. அதன்பின் இந்த உதவிகள் பட்ஜெட்டில் மத்திய அரசு ஒதுக்குவதை எதிர்பார்த்து நிற்க வேண்டியதாயிற்று. தொழிலாளியின் உரிமையாக இருந்தது அரசின் தயவாக மாறியது. இது பற்றி அன்று எழுந்த சத்தம் மிகக் குறைவு.

8

தத்துக்கு வரிச்சலுகை வேண்டுமா என்ற கேள்விக்கு என் பதில் நேரானது அல்ல. குழந்தை இல்லத்தில் இருக்கும் ஒரு பிள்ளையைக் கூட்டிவந்து வளர்க்கும் சம்பளக்காரக் குடும்பத்துக்குச் செலவில் பங்கு தருவதை எதிர்க்க எந்தக் காரணமும் இல்லை. 2017ஆம் ஆண்டுத் தத்தெடுப்பு விதிமுறைகள் ஏஜென்சிக்கு 40,000 ரூபாயும் வீட்டு ஆய்வுக்கு 6,000 ரூபாயும் நிர்ணயித்தன. அதையாவது கழிக்க விடலாம். ஆனால் அதோடு நின்றால் பழைய புத்தகத்தில் இன்னொரு பக்கம் சேர்த்ததாக மட்டுமே ஆகும்.

குடும்பமும் தனிச்சொத்தும் அரசும் ஒன்றையொன்று எப்படிப் பிடித்து நிற்கின்றன என்று ஏங்கல்ஸ் 1884இல் எழுதினார். மதுரை கலெக்டர் முதல் பத்திர ஆபீஸ் வரை நாம் பார்த்தது அதன் உள்ளூர்க் கணக்குதான். அரசு தத்தைக் கண்டுகொண்டது சொத்து கைமாறும் போது. தத்தெடுக்கக் கூடும் என்ற சாத்தியத்துக்குக்கூட விலக்கு கொடுத்தது. வளர்ந்துகொண்டிருக்கும் பிள்ளைக்குக் கொடுக்கவில்லை.

ஆகவே கோரிக்கையை வேறு இடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன். முதலில், முத்திரைத் தீர்வையில் தனிச்சட்ட நிபந்தனை போக வேண்டும். நீதிமன்றமோ கலெக்டரோ ஒப்படைத்து வளர்த்த பிள்ளை, தத்தானாலும் காப்பானாலும், குடும்பம்தான். இதற்கு நாடாளுமன்றம் வேண்டாம், சென்னையில் ஒரு திருத்தம் போதும். இரண்டாவது, வருமான வரியில் 'பிள்ளை' என்ற சொல்லுக்குள் காப்பில் வளரும் பிள்ளையும் வர வேண்டும். மூன்றாவது, வரி கட்டாத வீட்டில் வளரும் உறவுக்காரப் பிள்ளைக்குக் கையில் பணம். மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் ஸ்பான்சர்ஷிப் என்று 2022இலிருந்து இருக்கிறது. அது ஒதுக்கீடு உள்ளவரை, தேர்வுக் குழு ஒப்பினால் என்றில்லாமல், பீடி செஸ் மாதிரி தனக்கென்று ஒரு வருவாயோடு உரிமையாக நிற்க வேண்டும்.

சுவீகாரத்துக்கு இருநூறு வருஷச் சட்டம் இருக்கிறது. எடுத்து வளர்த்ததற்கு இன்னும் ஒரு பத்தியும் எழுதவில்லை. எழுதச் சொல்லிக் கேட்க வேண்டியவர்கள் சொத்துள்ளவர்கள் அல்ல, அவர்கள் வேலை முடிந்துவிட்டது. பீடித் தொழிலாளர் சங்கங்களும் பெண்கள் அமைப்புகளும் ஜமாத்துகளும் திருச்சபைகளும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசக்கூடிய அபூர்வமான விஷயங்களில் இது ஒன்று. பொதுச் சிவில் சட்டம் வேண்டுமா வேண்டாமா என்ற கூச்சலுக்கு வெளியே, வளர்க்கிறவர் பக்கமிருந்து அந்தப் பேச்சைத் தொடங்க முடியும்.